தன்னையே சுற்றும் மனமும் உடல்நலமும்

தன்னலக்காரரால் அவரைச் சுற்றியுள்ளவர்கள் வருந்துவார்கள் என்பதில் ஐயமில்லை. அந்தத் தன்னலம் அவருடைய உடம்பையும் கெடுக்குமா என்பது வேறு கேள்வி. கெடுக்கும் என்று நம்புவது மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது, ஏனென்றால் அறத்தின் கணக்கை உடலே தீர்த்துவைப்பதாக ஆகிவிடுகிறது. ஆறுதல் தரும் விடை என்பதாலேயே அதைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டியிருக்கிறது.

விடைகளின் வரலாறு நீண்டது. அரிஸ்டாட்டில் தன்னை நேசிப்பதை இரண்டாகப் பிரித்தார். பணத்திலும் புகழிலும் இன்பத்திலும் பெரும்பங்கைத் தனக்கே ஒதுக்கிக்கொள்வது ஒன்று. நற்செயலில் தன்னை முன்னிறுத்துவது மற்றொன்று. முன்னதைக் கடிந்தார், பின்னதைப் போற்றினார். பௌத்தம் 'நான்' என்னும் பிடிப்பைத் துன்பத்தின் வேரில் வைத்தது. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மும்மலங்களுள் ஆணவத்தை மூலமலம் என்றது. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில், சினம் கொண்டவரையே அது கெடுக்கும் என எச்சரித்தார். இவை அறத்தையும் விடுதலையையும் நோக்கிய விடைகள். இரத்த அழுத்தத்தையும் மாரடைப்பையும் அளந்து விடை தேடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது.

அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது, தன்னலம் நோய் தரும் என்ற ஒற்றைக் கூற்றுக்குள் நான்கு வேறு கூற்றுகள் கலந்து கிடப்பது தெரிகிறது. பிறருக்குரியதையும் தனக்கென்று கோருவது, பிறரைப் பகையாகப் பார்ப்பது, தன் கவலைகளையே ஓயாமல் அசைபோடுவது, உறவுகளிலிருந்து அறுந்து நிற்பது ஆகியவை அவை. நான்கும் ஒரே மனிதரிடம் இருக்கலாம். ஆனால் உடலைப் பொறுத்தவரை அவற்றின் தடம் ஒன்றாக இல்லை.

துர்கெமும் செல்யேயும்

1897இல் வெளியான தற்கொலை பற்றிய நூலில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெம் ஒரு வகையைத் தன்முனைப்புத் தற்கொலை என்று பெயரிட்டார். அவர் சொன்னது ஆளின் குணத்தைப் பற்றி அன்று. குடும்பம், சமயம், சமூகம் ஆகியவற்றோடு உள்ள பிணைப்பு தளரும்போது மனிதர் தனக்குள்ளேயே ஒதுங்கிவிடுகிறார் என்பதே அவர் வாதம். அதே நூலில் எதிர்த்திசையில் இன்னொரு வகையையும் வைத்தார். சமூகத்துக்குள் ஒருவர் முற்றிலும் கரைந்துபோய்த் தன் உயிருக்கு மதிப்பே இல்லாமல் ஆவது அது. பிணைப்பு குறைந்தாலும் ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து. அவருடைய புள்ளிவிவர முறை பின்னாளில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. மொத்த மக்கள்தொகையின் எண்களைக் கொண்டு தனிமனிதரைப் பற்றி முடிவு கட்டியது பெரிய குறை. ஆனாலும் இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வையைப் பின்வந்த மருத்துவ ஆய்வுகள் வெகுகாலம் மறந்திருந்தன.

மன அழுத்தத்தை உடலியல் பொருளாக்கியவர் ஹான்ஸ் செல்யே. வெவ்வேறு வகைத் தீங்குகளுக்கும் உடல் ஒரே மாதிரியான மாற்றங்களைக் காட்டுகிறது என்று 1936இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து இத்துறை கிளைத்தது. 1974இல் வந்த தம் நூலில் அவர் தன்னலத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. உயிர்கள் அனைத்தும் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைகின்றன, ஆகவே பிறருக்குப் பயன்பட்டு அவர்களுடைய நல்லெண்ணத்தைச் சேர்த்துவைப்பதே அறிவுள்ள தன்னலம் என்றார். கவர்ச்சியான கருத்துதான். ஆனால் இது அவருடைய ஆய்வகத்தில் சோதித்துக் கண்ட முடிவன்று. வாழ்க்கை நெறியாக அவர் முன்வைத்த யோசனை.

அவசரக்காரரின் இதயம்

1959இல் சான் பிரான்சிஸ்கோவின் இதய மருத்துவர்கள் மேயர் ஃபிரீட்மனும் ரே ரோசன்மனும் ஒரு நடத்தைக் கோலத்தை விவரித்து அதற்கு 'ஏ' வகை என்று பெயரிட்டார்கள். தீராத அவசரம், போட்டி, எளிதில் மூளும் எரிச்சல், பிறர் பேசி முடிக்கும்வரை பொறுக்காமை என எல்லாம் அதில் அடங்கின. பிறகு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்தபோது, 'ஏ' வகையினருக்கு இதய நோய் ஏறத்தாழ இருமடங்கு வந்தது. அமெரிக்காவில் அந்தச் சொல் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டது.

அதன் பின் கட்டடம் ஆட்டம் கண்டது. பல அபாயக் காரணிகளை ஒருங்கே ஆராய்ந்த எம்ஆர்ஃபிட் என்னும் பெரிய சோதனையில், 1985இல் வந்த முடிவுப்படி, 'ஏ' வகைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. 1988இல், முதல் ஆய்வில் இருந்தவர்களையே மீண்டும் பார்த்தபோது, இதய நோய் வந்து பிழைத்தவர்களில் 'ஏ' வகையினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்திருந்தார்கள். இன்னொரு செய்தி 2012இல் வெளியானது. புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், பிலிப் மோரிஸ் நிறுவனம் 'ஏ' வகை ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்ததைக் காட்டினார்கள். மாரடைப்புக்குக் காரணம் குணம்தான் என்று சொல்ல முடிந்தால் சிகரெட்டின் மீதான பழி இலேசாகும். ஆய்வாளர்கள் அனைவரும் நேர்மை தவறினார்கள் என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஆனால் நோயை ஒருவரின் குணத்தில் தேடும் எந்த விளக்கத்தையும் படிக்கும்போது, அந்த விளக்கத்தால் யார் தப்பிக்கிறார்கள் என்று கேட்க இந்த வரலாறு நம்மைக் கடமைப்படுத்துகிறது.

'ஏ' வகையின் இடிபாட்டிலிருந்து மிஞ்சியது பகைமை. மருத்துவம் படித்த காலத்தில் உளவியல் வினாத்தாள் எழுதிய 255 பேரை 25 ஆண்டுகளுக்குப் பின் பார்த்த ஜான் பேர்ஃபூட், ரெட்ஃபோர்ட் வில்லியம்ஸ் முதலியோரின் 1983ஆம் ஆண்டு ஆய்வில், பிறர்மீது கசப்பும் அவநம்பிக்கையும் மிகுந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்திருந்தது. 2009இல் வந்த தொகுப்பாய்வு, நலமாக இருந்தவர்களில் சினமும் பகைமையும் மிக்கவர்களுக்கு இதய நோய் அபாயம் 19 சதவீதம் கூடுதல் என்று மதிப்பிட்டது. புகைப்பழக்கம், உடலுழைப்பு, வருவாய் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபோது இந்த வேறுபாடு சுருங்கியது. பகைமை நேராக இரத்தக் குழாயைத் தாக்குகிறதா, சிகரெட்டின் வழியாகவும் தூக்கக் கேட்டின் வழியாகவும் தாக்குகிறதா என்பது முழுதும் பிரிபடவில்லை. இரண்டும் நடக்கலாம்.

'நான்' எத்தனை முறை

தன்னலத்தை நேரடியாக அளக்க முயன்றவர் லாரி ஷெர்விட்ஸ். எம்ஆர்ஃபிட் நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஒருவர் 'நான்', 'எனக்கு', 'என்னுடைய' என்பவற்றை எத்தனை முறை சொல்கிறார் என்று அவரும் குழுவினரும் எண்ணினார்கள். அடிக்கடி சொன்னவர்களுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1986இல் எழுதினார்கள். தன்முனைப்பே இதயத்தின் எதிரி என்ற வாதத்துக்கு இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இது.

அதன் அடித்தளம் பின்னர் அசைந்தது. 'நான்' என்று அடிக்கடி சொல்பவர் தன்மோகம் பிடித்தவரா என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்றது. மாறாக, ஜேம்ஸ் பென்னிபேக்கர் உள்ளிட்டோரின் ஆய்வுகளில் அந்தச் சொல் மனச்சோர்வோடும் மனவேதனையோடும் சேர்ந்து வந்தது. அப்படியானால் ஷெர்விட்ஸ் எண்ணியது ஆணவத்தையா, துயரத்தையா? துயரத்தைத்தான் எண்ணியிருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வலி உள்ள இடத்துக்குக் கை போவதைப்போல, வேதனையில் இருப்பவரின் பேச்சு தன்னிடமே திரும்புகிறது. அதைச் செருக்கு என்று படித்துவிட்டால், உதவி தேவைப்படும் ஒருவரைக் குற்றவாளியாக்கி விடுவோம்.

இங்குதான் சூசன் நோலன்-ஹோக்ஸிமாவின் பணி முக்கியமாகிறது. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நிகழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் அவர் ஒரு கணக்கெடுப்பை முடித்திருந்தார். தம் மனநிலையையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் முன்பே உள்ளவர்களுக்கு நிலநடுக்கத்துக்குப் பின் மனச்சோர்வு மிகுதியாக இருந்தது. இந்தப் பழக்கம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. அசைபோடுபவர் பிறரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. பல நேரம் அவர் கவலைப்படுவதே பிறரைப் பற்றித்தான். ஆனால் அந்தக் கவலை செயலாக மாறாமல் உள்ளுக்குள் சுழல்கிறது, அழுத்தம் தந்த நிகழ்வு முடிந்த பிறகும் உடலை அடங்கவிடுவதில்லை.

கோருவோரும் தனித்திருப்போரும்

உண்மையான தன்மோகத்தை உடலியலோடு இணைக்கும் சான்று குறைவு. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாரா கோன்ராத் முதலியோர் ஏறத்தாழ நூறு மாணவர்களின் உமிழ்நீரில் அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவைப் பார்த்தார்கள். எல்லாம் எனக்கு உரியது என்று கருதி பிறரைச் சுரண்டும் போக்குள்ள ஆண்களிடம் அந்த அளவு கூடுதலாக இருந்தது, பெண்களிடம் அப்படியில்லை. சிறிய மாதிரி, அதிலும் ஆண்கள் மிகக் குறைவு. இதை வைத்து ஆணவம் கார்டிசாலைக் கூட்டும் என்று பொதுவாகச் சொல்வது மிகை.

தனிமை பற்றிய சான்று இதைவிட வலுவானது. சிகாகோவில் நடுவயது கடந்த 229 பேரைப் பத்தாண்டுக்கு மேல் ஆண்டுதோறும் பார்த்த ஜான் காசியோப்போ குழுவினர் 2017இல் ஒரு சுழற்சியைக் கண்டார்கள். தனிமையில் வாடுபவர் அடுத்த ஆண்டில் தன்னை மேலும் மையமாகக் கொள்கிறார், அப்படிக் கொண்டவர் அதற்கடுத்த ஆண்டில் மேலும் தனிமைப்படுகிறார். ஆதரவற்ற உயிர் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் தன்னையே பார்க்கும் என்பது அவர்கள் விளக்கம். தனிமையின் விலையோ நன்கு அளக்கப்பட்ட ஒன்று. 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கிய 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

கொடுப்பவர் நீண்டநாள் வாழ்வாரா

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேள்வியை அணுகியிருக்கிறார்கள். டெட்ராய்ட் பகுதியின் 423 முதிய தம்பதியரை ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஸ்டெஃபனி பிரவுன் குழுவினர், உதவி பெற்றவர்களைவிட உதவி செய்தவர்களே இறப்பிலிருந்து காக்கப்பட்டதாக 2003இல் எழுதினார்கள். விஸ்கான்சினில் முதியோரிடம் நடந்த இன்னோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. பிறருக்காகத் தொண்டு செய்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. தமக்கு நல்லது என்று கருதித் தொண்டு செய்தவர்களுக்கோ தொண்டே செய்யாதவர்களின் நிலைதான்.

இவற்றை அப்படியே ஏற்பதில் ஒரு தடை உண்டு. உடம்பில் தெம்பு உள்ளவர்தான் வெளியே போய்த் தொண்டு செய்ய முடியும். நலம் தொண்டைத் தந்ததா, தொண்டு நலத்தைத் தந்ததா? 2013இல் வந்த ஒரு முறைசார் தொகுப்பு இந்தப் பிரச்சினையை வெளிப்படுத்தியது. மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் தொண்டர்களின் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் குலுக்கல் முறையில் ஒரு பிரிவினரைத் தொண்டில் ஈடுபடுத்திய சோதனைகள் அந்த நன்மையை உறுதிசெய்யவில்லை.

தன்னை மறந்தவர்களின் உடம்பு

தன்னலமே நோய் என்றால், தன்னலம் துறந்தவர்கள் நலமாக இருக்க வேண்டும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் நடந்த ஆய்வுகள் இந்த எதிர்பார்ப்பை உடைக்கின்றன.

1995இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். அதே வயதுள்ள மற்ற பெண்களுக்குச் சராசரியாக 39 நாள் ஆனது. இவர்களுக்கு 48 நாளுக்கு மேல் ஆனது. 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையைப் பராமரிப்பதில் சிரமத்தை உணர்ந்த முதியோர்க்கு நான்காண்டுகளில் இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிரமம் உணராமல் பராமரித்தவர்களுக்கு அப்படி அபாயம் கூடவில்லை. 2013இல் அமெரிக்காவில் மூவாயிரத்து ஐந்நூறு பராமரிப்பாளர்களைப் பார்த்த ஆய்வு அவர்களுடைய இறப்பு மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவு என்றுகூடச் சொன்னது.

முரணாகத் தோன்றும் இந்த முடிவுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கயிறு சுமையின் அளவும் துணையும் என்றே எண்ணுகிறேன். மனம் ஒப்பிச் செய்வதும், இடையில் மாற்றிவிட ஆள் இருப்பதும் ஒரு நிலை. வேறு வழியில்லாமல் இரவும் பகலும் தனியாகச் சுமப்பது வேறொரு நிலை. விக்கி ஹெல்கெசனும் ஹெய்டி ஃபிரிட்ஸும் தம்மை அறவே விட்டுப் பிறரிலேயே மூழ்கும் போக்கைத் தனியாக அளந்து, அது மனவேதனையோடும் தன் உடல்நலத்தைக் கவனியாமையோடும் சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். தன்னலத்தைப் பழிக்கும் அறிவுரை பெரும்பாலும் யார் காதில் விழுகிறது என்று யோசிக்க வேண்டும். ஏற்கெனவே தம்மைக் கடைசியில் வைத்துக்கொண்டிருக்கும் பெண்களின் காதில்தான் அது முதலில் விழுகிறது.

அழுத்தம் மனத்தில் மட்டுமா

இன்னோர் அணியினர் கேள்வியையே மறுக்கிறார்கள். 1967இல் பிரிட்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்தது. மைக்கேல் மார்மட் முதலியோர் கண்டபடி, மேல்நிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களின் இறப்பு பலமடங்கு கூடுதல். போட்டியும் செருக்கும் உடலை அரிக்கும் என்றால் மேலே இருப்பவர்தான் முதலில் சாய வேண்டும். நடந்தது நேர்மாறு. தன் வேலையின் மீது தனக்குப் பிடி இல்லாமையே பெரிய அழுத்தம் என்பது இவர்கள் வாதம். இது வலுவான மறுப்பு. ஒரே நாற்காலியில் அமர்ந்த இருவர் ஏன் வெவ்வேறு விதமாக நொடிகிறார்கள் என்பதை மட்டும் இதனால் விளக்க முடியவில்லை.

தணிக்கும் வழிகள்

'ஏ' வகைக் கோட்பாடு சரிந்தாலும், அதையொட்டி ஃபிரீட்மன் நடத்திய சிகிச்சைச் சோதனை சரியவில்லை. மாரடைப்பு கண்டு பிழைத்தவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான இதய ஆலோசனையோடு, அவசரத்தையும் எரிச்சலையும் குறைக்கும் குழுப்பயிற்சியும் தந்தார்கள். பிறர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது, வேண்டுமென்றே நீண்ட வரிசையில் நிற்பது போன்ற எளிய பழக்கங்கள் அதில் இருந்தன. நாலரை ஆண்டு முடிவில் மறுமுறை இதயத் தாக்கு பயிற்சி பெற்றவர்களில் 12.9 சதவீதம், ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21.2 சதவீதம். 2011இல் சுவீடனின் உப்சாலாவிலிருந்து வந்த சோதனையும் இதே திசையைக் காட்டியது. 362 இதய நோயாளிகளில், அழுத்தத்தைக் கையாளும் குழுப்பயிற்சி பெற்றவர்களிடம் மறுதாக்குகள் 41 சதவீதம் குறைந்தன. பயிற்சியின் உள்ளடக்கம் உதவியதா, ஆண்டுக்கணக்கில் ஒரு குழுவோடு அமர்ந்து பேசியது உதவியதா என்று பிரிக்க முடியவில்லை. நோயாளிக்கு இரண்டும் நல்லதே.

ஜப்பானில் இரண்டு மரபுகள் உண்டு. ஷோமா மொரிட்டா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த சிகிச்சை, மன உணர்வுகளோடு மல்லுக்கட்டாமல் அவற்றை இருக்கவிட்டுக் கையில் உள்ள வேலைக்குத் திரும்பச் சொல்கிறது. யோஷிமோட்டோ இஷின் உருவாக்கிய நைகான், ஒரு வாரம் தனித்தமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் செய்கிறது. இவரிடமிருந்து நான் பெற்றது என்ன, இவருக்கு நான் தந்தது என்ன, இவருக்கு நான் இழைத்த தொல்லை என்ன? மனச்சோர்வில் ஏற்கெனவே தன்னைக் குற்றம்சாட்டிக் கொண்டிருப்பவருக்கு மூன்றாம் கேள்வி சுமையாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அசைபோடும் பழக்கத்துக்கு மொரிட்டாவின் வழியே பொருத்தமாகத் தெரிகிறது.

தியானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மனநிறைகவனப் பயிற்சி உலகெங்கும் பரவியது. 47 சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தியானம் ஓரளவு உதவும் என்றது. உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2021இல் மைக்கேல் பூலின் குழுவினர் வெளியிட்ட சோதனை கவனிக்கத் தக்கது. தம்மைத் தனித்து நிற்பவராகக் கருதுவோர் மனநிறைகவனப் பயிற்சிக்குப் பின் பிறருக்கு உதவ முன்வருவது குறைந்தது. தம்மைப் பிறரோடு பிணைந்தவராகக் கருதுவோரிடம் அது கூடியது. அழுத்தம் தணிவதும் தன்னலம் தணிவதும் எப்போதும் கைகோத்து வருவதில்லை.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

இன்றைய சான்றுகளை எடைபோட்டால், நீடித்த பகைமை, ஓயாத அசைபோடல், தனிமை ஆகிய மூன்றும் உடல்நலத்தோடு பிணைந்திருப்பது போதிய அளவு உறுதியாகிறது. பிறர் பங்கையும் தனக்கே கோரும் தன்னலம் அதனாலேயே நோய் தரும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அது தவறு என்று சொல்ல மருத்துவச் சான்று தேவையுமில்லை.

காரணத்தின் திசை பெருமளவு தெளியாதது. கொடுப்பதன் நன்மையைக் குலுக்கல் முறையில், பெரிய அளவில், நீண்டகாலம் சோதிக்க வேண்டியிருக்கிறது. இங்கே பேசப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை, தொடக்ககால இதய ஆய்வுகள் ஆண்களை மட்டுமே பார்த்தவை. மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளில் 'நான்' என்பதன் எல்லையே வேறாக இருக்கலாம். அங்கே எது தன்னலம், எது தற்காப்பு என்பதை அங்கேயே ஆராய்ந்துதான் சொல்ல முடியும்.

அந்த ஆய்வுகள் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரை மருத்துவரிடம் அழைத்துவருபவரின் இரத்த அழுத்தத்தையும் அதே வருகையில் பார்க்கலாம், எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று அவரிடமும் கேட்கலாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் வாரத்தில் சில இரவுகளையாவது அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.